கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

செங்கலடி, பதுளை வீதி, எங்கள் யார்ட்.
டோசர் ஒன்று, ரோலர் ஒன்று, எக்ஸ்கவேட்டர் மூன்று,
பெக்கோ நான்கு, டிப்பர் ஒன்பது. அதில் இரண்டு
ஒன்றுக்கொன்று பாகம் கொடுத்தே உயிர் வாழ்பவை.

சேர்விஸ் கணக்கு
பாதி என் சீ.ஆர். கொப்பியில்,
பாதி மெக்கானிக் பேரின்பத்தின் தலையில்.
பேரின்பத்துக்கு டெங்கு வந்த கிழமை
எந்த வண்டிக்கு எப்போது ஒயில் மாற்றியதென்று
ஒருவருக்கும் தெரியாது.
இரண்டாம் நம்பர் எக்ஸ்கவேட்டர்
என்ஜின் இறுகிக் கித்துள் வயலுக்குள் நின்றது.
அன்றிரவுதான் ஆதம்லெப்பை முதலாளி
கல்குலேட்டரை மூடிவிட்டுச் சொன்னார்:
"சொப்ட்வெயார் ஒண்டு எடுப்பம்."

கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார்.
வரைபடத்தில் வண்டிகள் பச்சைப் புள்ளிகள்.
யார்டில் நின்ற ரோலர்
வாவிக்கு நடுவே மிதந்தது.
"சின்ன வித்தியாசம் வரும்" என்றார்.
விலை டொலரில்.

இன்னொன்று அழகு. எனக்கு ஆசையாயும் இருந்தது.
கரடியனாறு தாண்டினால் செத்துப்போகும்.
எங்கள் வேலையெல்லாம் கரடியனாறு தாண்டித்தான்.

எடுத்தது கல்முனைப் பொடியன் ஒருவன் செய்ததை.
கத்தரிப்பூ நிறத் திரை, முதல் பக்கத்திலேயே மூன்று எழுத்துப் பிழை.
ஆனால் சிக்னல் இல்லாத காட்டுக்குள்
சொன்னதையெல்லாம் வயிற்றுக்குள் வைத்திருந்து
மெயின் ரோட்டுக்கு வந்ததும் கக்கும்.

பதினேழு நாள் இருந்து ஏற்றினேன்.
டோசரின் மணிமீட்டர் 7412இல் நின்று
எத்தனை வருஷமோ.
வெறுமையாய் விட்டால் திரை நகராது.
பூச்சியம் போட்டேன்.
முப்பது வயது டோசர் அன்று பிறந்தது.
"எனக்கும் ஒரு பூச்சியம் போடன், பிள்ள"
என்றார் பேரின்பம்.

கிறீஸ் விரலுக்குத் திரை மசியாது.
சபேசன் மூக்கால் அமத்தினான்.
முதல் மாதம் அறிக்கை அச்சடித்துப் பார்த்தால்
காலை ஆறு இரண்டுக்கு
ஏழு வண்டியும் பார்த்து முடிந்திருந்தது,
ஒரே நிமிஷத்தில்,
எல்லாம் சரி, சரி, சரி, சரி.
வாளியில்லாமல் நின்ற பெக்கோவும் சரி.

மார்கழி மழை.
வாவி வீதிக்கு ஏறிய இரவு
முகத்துவாரம் வெட்ட வண்டி கேட்டு ஆள் வந்தது.
எந்தக் கந்தோர், எவர் அனுப்பியது,
ஒருவரும் விசாரிக்கவில்லை.
சபேசன் மூன்றாம் நம்பரைக் கொண்டுபோனான்.
கடைசி அடி மணலைத் தண்ணீரே வெட்டிக்கொண்டதாம்.
பின்னுக்கு எடுக்கிறதுக்குள்
செயின் பாதி கடலுக்குள்.

விடியத் திரை கக்கியது:
மூன்றாம் நம்பர், பதினொரு மணித்தியாலம்,
உப்புத் தண்ணீர், கழுவ வேண்டும், கிறீஸ் உடனே.
சபேசன் முதன்முறையாக உண்மை எழுதியிருந்தான்.
கீழே சிவப்பில்:
வாடிக்கையாளர் பெயர் கட்டாயம்.

முதலாளிக்கு எடுத்தேன். பில் யாருக்கு?
"மறுகா பாப்பம்" என்றார்.
மறுகா என்ற பெயரில் கணக்குத் திறக்கலாமா?
யோசித்துப் பார்த்து,
வாவி, என்று போட்டேன்.
முகவரி: மட்டக்களப்பு.
தொலைபேசி இலக்கமும் கட்டாயமாம்.
எங்கள் யார்ட் நம்பரையே கொடுத்தேன்.

இப்போது மாதம் முதலாம் திகதி
என் மேசை ஃபோன் அதிர்கிறது:
மதிப்புக்குரிய வாவி அவர்களே,
தங்கள் நிலுவை இன்னும் செலுத்தப்படவில்லை.
முதலாளி வாங்கி வாசித்தார்.
அழிக்கச் சொல்லவில்லை. தேத்தண்ணி கேட்டார்.

நேற்று அந்தத் திரை
மூன்றாம் நம்பருக்குக் கீழ் ரோலர் இரண்டு
மாற்றும் காலம் என்றது.
ஒருவரும் ஞாபகப்படுத்தாமல், தானாக.
பேரின்பம் நம்பவில்லை.
டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் புகுந்தார்,
கனநேரம் தட்டிக் கேட்டது.
வெளியே வந்து கையைத் துடைத்தார்.
"மூண்டு" என்றார்.