இடம் மூன்று

கண்டி. நாலரை மணி. ஜன்னலில் மழை.
திரையின் வலப்பக்கம் தெரிவது அவருடைய இடப்பக்கம்.
முதல் வருடம் இதில்தான் எல்லோரும் தடுக்குவோம்.

அடைக்கலம், அறுபத்திரண்டு,
ஹட்டன் மஸ்கெலியா பஸ் சாரதி.
நோர்வூட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு
எந்தப் பக்கம் என்று கொண்டக்டரிடம் கேட்டாராம்.

காதோரம், ஆழத்தில் தேடுகிறேன்:
யாரோ கடற்குதிரை என்று பெயர் வைத்த சின்னச் சுருள்.
மெலிந்து கிடக்கிறது.
பக்கத்துப் பள்ளம் அகன்று கறுப்பாய் நீர்.
மேலே மடிப்புகளுக்கு நடுவே மண் தெரிகிற மாதிரி,
கவ்வாத்து வெட்டிய மலை.
(அங்கே மூன்று மாதத்தில் துளிர் வந்துவிடும்.)

"வலம் இரண்டு, இடம் மூன்று."
ஃபர்ஸானா ஒத்துக்கொள்ளவில்லை,
அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டுதான்.
கண்ணால் போடுகிற புள்ளி, அடிமட்டம் கிடையாது.
மாதிரிப் படங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"சரி, மூன்று" என்றாள்,
தோற்ற குரலில் அல்ல.

கையொப்பமிட்டு வெளியே வருகிறேன்.
வாங்கில் மனைவி, மடியில் குடையும் கிளினிக் கொப்பியும்.
அவர் வெறுங்காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்து
வளைவு வளைவாய் ஒடித்து இறங்குகிறார்.
ஒன்றுகூடத் தப்பவில்லை.
கடைசி முடக்கில், என்னைக் கண்டதும்,
உதட்டைக் குவித்து ஹோர்ன் அடிக்கிறார்.

ஒதுங்கி வழிவிட்டேன்.