முந்நூற்று அறுபது

சக்கரத்தின் ஓர் ஆரக்காலில்
அம்மாவின் பழைய பாவாடைக் கிழிசல், சிவப்பு.
அது மேலே வரும்போதெல்லாம் ஒன்று.
முந்நூற்று அறுபது வந்தால் ஒரு மைல்.
மைலுக்கு ஓர் அவரை விதை
இடது பைக்குள்.

என் பெயர் கெஸியா. பத்து வயது.
மிசௌரி ஆற்றைத் தாண்டிய நாளிலிருந்து
நடந்தபடியேதான் எண்ணுகிறேன்.
வண்டிக்குள் மாவு மூட்டைக்கும்
ஏர்க்கொழுவுக்கும்தான் இடம்.

பின் வண்டியிலிருந்து லெமுவேல் ஓடி வருவான்.
நான் இருநூற்று நாற்பதில் இருப்பேன்.
"எண்பத்தொன்பது!" என்பான் காதருகே.
"ஆயிரம்! பதினேழு! அரை!"
அரையாம்.
எருமை வறட்டி பொறுக்கப் போனாலும் விடமாட்டான்,
ஈரமானதை என் மடியில் போட்டுவிட்டு
"நூற்றுப் பத்து!" என்று ஓடுவான்.
பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுவேன்.
ஒருநாளும் தவறவிட்டதில்லை.

பிளாட் ஆற்றங்கரை மேட்டில்
பாவ்னிப் பெண்கள் இருவர் நின்றிருந்தார்கள்.
எங்கள் வண்டி ஒவ்வொன்றுக்கும்
ஒருத்தியின் விரல் ஒன்று மடங்கியது.
பதினேழு மடங்கி முடிந்தும்
அவள் கண் வந்த வழியையே பார்த்திருந்தது,
இன்னும் எத்தனை வரும் என்பதுபோல.

செவ்வாய்க்கிழமை காலையில் லெமுவேல்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.
விளக்கேற்றுவதற்குள் முடிந்துவிட்டது.
நோயின் பெயரை
யாரும் உரக்கச் சொல்லவில்லை.

பாதையின் நடுவிலேயே தோண்டினார்கள்.
பலகை வேண்டாம், கல் வேண்டாம்.
சக்கரங்கள் ஏறி இறங்கி மண் இறுகிவிட்டால்
ஓநாய்க்கு மோப்பம் கிடைக்காதாம்.
விடிந்ததும் அவன் அப்பா
தன் மாடுகளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.
"நானே முதலில் போகிறேன்" என்றார்.
போனார்.

எங்கள் வண்டி ஐந்தாவது.
சிவப்புத் துணி கீழே போனது.
மேலே வந்தது.
அந்த ஒன்றை நான் எண்ணவில்லை.

அதற்குப் பிறகு அச்சின் முனகல் மட்டும்.
இவ்வளவு அமைதியில்
எண்கள் தாமாக வரவேண்டும்.
நூற்று நாற்பது வரும்.
அடுத்தது என்னவென்று மறந்துபோகும்.
மறுபடி ஒன்றிலிருந்து.

இரவில் அப்பா பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு
"எத்தனை?" என்றார்.
விதைகளைக் கொட்டினேன். நான்கு.
"நாள் முழுக்க நடந்தோமே, கெஸி."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.
நான்கு என்றே எழுதினார்.

இன்று புல்லெல்லாம் பனி.
துணி மேலே வந்தது: ஒன்று.
பத்து. இருபத்தாறு. நாற்பது.
நாற்பத்தொன்றில் தடுமாறியது.
நடந்துகொண்டே பின்னால் திரும்பி
யாரும் ஓடி வராத இடத்தைப் பார்த்து
"ஆயிரத்து மூன்று!" என்று கத்தினேன்.
இடப்பக்கத்து மாடு காதை அசைத்தது.
அம்மா எட்டிப் பார்த்தாள்.

காதைப் பொத்திக்கொண்டேன்.

நாற்பத்திரண்டு.