போயா நாட்கள் கணக்கில் சேராது

ஜெசிந்தாவின் கலண்டரில் எண்பத்து நான்கு சிலுவை.
என் கணக்கில் எண்பத்தொன்று.
அந்த மூன்று நாளுக்காக நேற்றிரவு
சோறு ஆறும்வரை சண்டை.

போயாவுக்குத் தவறணை பூட்டு.
பூட்டிய கதவுக்கு முன்னால் குடிக்காமல் நின்றவனுக்கு
என்ன புண்ணியம் என்கிறார் நிசாம்தீன்.
வியாழக்கிழமைகளில் ஆமர் வீதி மாடியறையில்
பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாய் இழுத்துப் போடுகிறவர்,
பதினொரு வருடமாய்த் தேநீர் மட்டும் குடிப்பவர்.
"போயா சேராது தம்பி,
அது அரசாங்கம் குடிக்காமலிருந்த நாள்."

ஜெசிந்தாவுக்கு
எல்லா நாளும் அந்தோனியாரின் நாள்.
கொச்சிக்கடையில் பன்னிரண்டு செவ்வாய் முடித்துவிட்டாள்,
செருப்பைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்று.
ஒன்று பாக்கி.

நான் இரண்டு பேருக்கும் தலையாட்டுவேன்.
குடிகாரனுக்கு அது பழக்கம்.

ஒரு காலம் என் வலது மணிக்கட்டில் மூன்று நூல்.
சிவப்பு, ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் அக்கா கட்டியது.
வெள்ளை, ஸ்டாண்டில் என்னோடு ஓடும் சுமணதாச
பிரித் ஓதி வாங்கி வந்தது.
பழுப்பு, ஜெசிந்தாவின் நேர்த்தி.
மூன்றும் கட்டிய அந்தக் கையால்தான்
கால் போத்தல் மூடியைத் திருகினேன்.
நூல்கள் ஒன்றும் சொல்லவில்லை.
நனைந்தபோது கொஞ்சம் இறுகின, அவ்வளவுதான்.

அவளுடைய நேர்த்தி உண்டியலை உடைத்ததும் அதே கை.
செட்டியார் தெருவில் அவள் காப்பு இன்னும் இருக்கிறது,
சீட்டில் வட்டி ஏறிக்கொண்டு.
அந்தோனியார் மன்னித்துவிட்டார் என்கிறாள்.
இருக்கலாம்.
தொலைந்ததைக் கண்டெடுத்துத் தருபவராம்.
ஆனால் அது தொலையவில்லை, சாமி.
எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்,
எத்தனை ரூபாய்க்கு என்றும்.

இன்று எண்பத்தைந்து. போயா.
காலையிலேயே பந்துல போன் எடுத்தான்:
புளூமெண்டால் தண்டவாளத்துக்குப் பின்னால்
நீலக் கேட் வீடு, போயா விலை, ஐந்நூறு கூட.
எனக்கு அந்தக் கேட்டின் தாழ்ப்பாள் சத்தமே பாடம்.

பொய் சொல்லவில்லை.
சந்தியில் இண்டிக்கேட்டர் போட்டேன்.
அது மினுங்கிக்கொண்டிருக்கும்போதே
வெள்ளைச் சேலையில் ஒருத்தி,
பத்திரிகைத் தாளில் சுற்றிய தாமரை மொட்டுகள்,
கேளாமலே ஏறி உட்கார்ந்தாள்.
"அய்யே, கெலணியட்ட யமு."

ஹயர் போகாது என்று சொல்லலாம்.
நாளைக்குப் பத்துப் பேருக்கு அதைச் சொல்பவன் நான்.
வாய் திறந்தே இருந்தது.
கண்ணாடியோரம் ஜெசிந்தா ஒட்டிய அந்தோனியார்
வெயிலில் முகம் வெளுத்துப்போய்,
கையில் குழந்தை மட்டும் மிச்சமாய்.
இவளை அனுப்பியது அவரா,
சுமணதாசவின் புத்தரா, அக்காவின் முருகனா,
நேரத்துக்கு வராத பஸ்ஸா,
எனக்குத் தெரியாது.
மீற்றரை அழுத்தியது என் விரல்.
அது தெரியும்.
இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் அழுத்தியது.

களனிப் பாலம் தாண்டித் திரும்பி வரும்போதும்
போன் அடித்துக்கொண்டிருந்தது.

இரவு அவள் சிலுவை போடப் பேனையை எடுத்தாள்.
கையிலிருந்து வாங்கினேன்.
இந்தப் போயா சேரும், என்றேன்.
ஏன் என்றாள்.
நீலக் கேட்டைச் சொன்னேன், முழுவதும்,
இண்டிக்கேட்டர் எந்தப் பக்கம் மினுங்கியது என்பதுவரை.
அவள் அழவில்லை.
களனி ஹயர் எவ்வளவு என்று கேட்டாள்.
கொடுத்தேன்.
அடகுச் சீட்டு கிடக்கும் தகர டப்பாவில் போட்டு மூடினாள்.

செவ்வாய்க்கிழமை நானும் வருகிறேன் என்றேன்.
கும்பிடவா?
தெரியாது.
நீ உள்ளே போ.
நான் செருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.