லைன்ல இருங்க

பதினோரு வருடம் எனக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் வேலை.
ஒரு போன், நூலில் கட்டிய பேனா,
பழைய காலண்டரைக் கிழித்துவைத்த துண்டுத்தாள்கள்,
ஒற்றைக் கம்பி மட்டும் சிவக்கிற ஹீட்டர்.
ஞாயிறு ஆறு மணிக்கு அந்தப் பக்கம்
ராபின் தொண்டையைச் செருமினால்
குன்னூர் மார்க்கெட்டில் தராசு நிற்கும் என்பார்கள்.

நான் எழுதிக் காட்டுவேன்:
கொலக்கம்பை. பெள்ளிராஜ். ஆஃப்சைடு. கோபம்.
கேத்தி. ஸ்டீபன். மகன்தான் கோலி.
அருவங்காடு. பேர் சொல்லமாட்டார். ரெஃப்ரி. லேசாகப் போதை.

முறை வரும்வரை என்னோடு பேசுவார்கள்.
பெள்ளிராஜுக்குக் கேரட் அழுகிவிட்டது, மருமகன் பேசுவதில்லை.
பேர் சொல்லாதவர் லேத்தில் இரண்டு விரலை விட்டவர்,
அதற்கு முன்னால் அவரும் கோலி.
ஸ்டீபன் மகனுக்கு முட்டியில் நீர்.
கோச்சுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
"சரிங்க, லைன்ல இருங்க" என்பேன்,
பொத்தானை அழுத்துவேன்,
அவர்கள் வேறு ஆளாகிப் பேசத் தொடங்குவார்கள்.

ஐப்பசியில் பர்லியாறில் மண் சரிந்தது.
ராபின் கீழே, நாற்பது லாரிகளுக்குப் பின்னால்.
மேலே ஃபைனல் முடிந்து அரைமணி ஆகியிருந்தது:
கொலக்கம்பைக்கும் கேத்திக்கும், வெள்ளைப்போர்வைப் பனியில்.
கடைசி நிமிடத்தில் ரெஃப்ரி கோல் என்றார்.
பந்து கோட்டைத் தாண்டியதை
மைதானத்தில் ஒருவரும் பார்க்கவில்லை.
ஆறு லைனும் சிமிட்டின.
இன்ஜினியர் ஹாலன் நாற்காலியைக் காட்டினான்.
ராபின் உயரத்துக்கு ஏற்றியது,
என் கால் தரைக்கு எட்டவில்லை.

சிவப்பு விளக்கு.
வாயைத் திறந்தேன்.
"லைன்ல இருங்க."

மலை மொத்தமும் லைனில் இருந்தது.
கண்ணாடிக்குப் பின்னால் ஹாலனின் தோள் குலுங்கியது.
எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது,
அதுவும் ஒலிபரப்பாகிவிட்டது.

அப்புறம் அருவங்காட்டைக் கூப்பிட்டேன்:
"நீங்க கோலுக்குப் பின்னாடிதானே நின்னீங்க?"
அவர் யோசித்தார். போதை இல்லை அன்றைக்கு.
"பாக்கலம்மா. கேட்டேன்.
நனைஞ்ச வலையில பந்து விழுந்தா
நாய் உடம்ப உதறுற மாதிரி ஒரு சத்தம் வரும்.
வரல. கம்பத்துல பட்டுச்சு, அவ்வளவுதான்."
பெள்ளிராஜ் கத்தினார். யாரோ விசிலடித்தார்கள்.
எல்லாரும் கேட்டது ஒன்றே:
அந்தக் கேத்திப் பையன் ஏன் பாயவே இல்லை?
விலை பேசிவிட்டானா, தூங்கிவிட்டானா?
ஒரு வாக்கியம் போதும், வழக்கு முடிந்துவிடும்.
அது என் நாக்கின் நுனிவரை வந்து
அங்கேயே உட்கார்ந்திருந்தது, ஏழு மணி செய்தி வரைக்கும்.

ராபின் அடுத்த மாதம் கோவைக்கு மாறிப்போனார்.
அது வேறு கதை, அதில் சம்பளம் இருக்கிறது.
இப்போது பேருந்து நிலையப் பலகையில் என் முகம்.
வர்க்கிக் கடைக்காரர் சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு
"ஒருதடவ சொல்லுங்க" என்கிறார். சொல்கிறேன்.
ஜெயசீலி என்ற பெயர்
ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது.

பெள்ளிராஜ் என்னிடம் புள்ளிவிவரம் பேசுகிறார்,
தலை வாரிப் பவுடர் போட்ட குரலில்.
கேரட் விலையைக் கேட்டேன் ஒருநாள்.
"அதெல்லாம் எதுக்கு மேடம், நேரம் போகுது."

போனில் இப்போது மாதேஷ் இருக்கிறான், இருபது வயது.
துண்டு தாமதமாக வருகிறது.
ரிசீவரைத் தோளில் இடுக்கி யாருக்கோ உம் கொட்டுகிறான்,
முகம் சுருங்குகிறது, பிறகு சிரிக்கிறான்.
எதற்கென்று எனக்குத் தெரியாது,
கண்ணாடி கனமானது.

நேற்று அவன் ஒட்டிக் காட்டியது:
அருவங்காடு. அந்தோனிமுத்து. ரெப்பிரி.

பதினோரு வருடம்.
நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.
துண்டைக் கவிழ்த்து வைத்தேன்.
விளக்கு எரிந்தது.
"அருவங்காட்டிலிருந்து ஒரு நேயர்," என்றேன்,
"சொல்லுங்க."