காலுறைக்குள்

டாயலுக்கு எட்டு வயதில் ஒன்று.
ஹார்லன் ஏழிலேயே அழுது வாங்கினான்.
எனக்கு ஊசிப்பெட்டி, மூடியில் ரோஜா.
அந்த வருஷம் மிசௌரியில்
பை வைத்த கால்சட்டை போட்டவன் எல்லோரிடமும்
மடக்குக்கத்தி இருந்தது.
என் கவுனில் பையே கிடையாது.

எனக்கு ஓடை கொடுத்தது.
நண்டுக்காகக் கல்லைப் புரட்டினேன்;
நண்டு ஓடிவிட்டது, கத்தி ஓடவில்லை.
மாட்டெலும்புப் பிடி, புகையிலை மெல்லுகிறவரின் பல் நிறம்.
பெரிய அலகுக்கு முனை இல்லை.
சின்னது திறக்கவே மாட்டேன் என்றது.
பன்றிக்கொழுப்பு தடவி மூன்று நாள் கெஞ்சினேன்.
நாலாம் நாள், கோழிக்கூண்டுக்குப் பின்னால்,
டக்.

யாருடையது என்று தெரியும்.
அந்த மடுவில் தூண்டில் போடுகிறவன்
வெர்லின் ஸ்டாட்ஸ் ஒருவன்தான்.
தெரியும் என்பதை
எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

பென்சில் சீவினேன். செத்த பாம்பை உரித்தேன்.
சோளக்களஞ்சியத்தின் அடிப்பலகையில்
யாரும் குனிந்து பார்க்காத இடத்தில்
நடீன் என்று பாதி வரை செதுக்கினேன்.
திறக்கும்போது வெட்டாது,
மடிக்கும்போதுதான் வெட்டும்.
அதைக் கட்டைவிரல் கற்றுக்கொண்டது.
அம்மாவிடம் தகர மூடி என்றேன்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை.
தரையில் கத்தி குத்தும் விளையாட்டில்
டேலின் பூட்ஸுக்குள் ஒரு கத்தி இறங்கியது.
மிஸ் ஹல்ஸி கொழுப்பு டப்பாவை நீட்டிக்கொண்டு வந்தார்.
பதினான்கு கத்திகள், ஒவ்வொன்றும்
ஆலங்கட்டி விழுகிற சத்தத்தோடு.
மேஜையறையைப் பூட்டிச் சாவியை
நிர்வாகக் குழுவின் ப்ரூயிட்டிடம் கொடுத்துவிட்டார்.
பெண்களை யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை, சிறைக்கைதி விளையாட்டு.
லானியின் மணிக்கட்டில் வைக்கோல் கட்டும் கயிறு.
கட்டியவர்களுக்கு அவிழ்க்கத் தெரியவில்லை.
இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது,
விரல்கள் கத்தரிக்காய் நிறமாயின.
மிஸ் ஹல்ஸி கத்தினார், "யாரிடமாவது கத்தி..."
பாதியில் நிறுத்திக்கொண்டார்.
ப்ரூயிட் வீடு இரண்டு மைல்.

நான் குனிந்து காலுறையைச் சுருட்டினேன்.

கயிறு அறுபட்டதும் எல்லோரும்
லானியின் கையைப் பார்த்தார்கள்.
வெர்லின் மட்டும்
ஒடிந்த முனையைப் பார்த்தான்.
மிஸ் ஹல்ஸி என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார்,
மணியை அடித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் பாதை பிரிகிற இடத்தில் நின்றான்.
"பெயிண்ட் டப்பா திறக்கப்போய் ஒடித்தேன்."
நான் எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.
"ஒன்றரை டாலர்," என்றான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க
கறுப்பு வால்நட்டின் தோலை உரித்து விற்றேன்.
கைகள் ஈஸ்டர் வரை வெளுக்கவில்லை.
பத்து சென்ட் சேரும்போதெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.
பூகோளப் புத்தகத்தின் பின்னட்டையில்
ஒரு கோடு போடுவான்.
நன்றி சொன்னதில்லை. நானும்தான்.
பத்துக் கோடுகள் ஆகியிருந்தன.

ஏப்ரலில் ஸ்டாட்ஸ் குடும்பம்
கட்டில்களைக் கவிழ்த்துக் கட்டிய லாரியில்
கலிபோர்னியாவுக்குப் போனது.
யாரோ சொல்லி நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது
அவர்கள் விட்டுப்போன நாய்
வாசலில் நின்று என்னைப் பார்த்துக் குரைத்தது.

போன மாதம் நீதிமன்றத்தில் ஜூரி அழைப்பு.
வாசலில் பிளாஸ்டிக் தட்டு, சீருடையில் ஒரு பையன்,
என் பேரன் வயதுகூட இருக்காது.
கைப்பையிலிருந்து இரு விரலால் அதைத் தூக்கி,
செத்த எலியைத் தூக்குவதுபோல,
"இது உங்களுடையதா, மேடம்?" என்றான்.

மூன்றில் இரண்டு பங்கு, என்றேன்.