கொக்கிள்பிடிக்கு வடக்கே

மரம் இல்லை. நிழல் என்றால் எங்களுடையதுதான்.
வெள்ளைச் சுண்ணாம்புத் தரை.
கறுப்பாய் எது கிடந்தாலும் குனி, என்றான் செந்தூரன்.

குனிந்தேன்.
கங்காருப் புழுக்கை.
மறுபடி குனிந்தேன்.
கங்காருப் புழுக்கை.
பதினொரு மணிக்குள் அதன் சாப்பாட்டு நேரமெல்லாம் எனக்கு அத்துபடி.

பழைய கோல்ஃப் மட்டையின் நுனியில் காந்தம் ஒட்டி
தரையைத் தட்டிக்கொண்டே நடந்தோம்,
வீடு வாங்க வந்தவர்கள் சுவரைத் தட்டுவதுபோல்.
ஒரு லொறி நட்டு வந்து ஒட்டியது.
அதற்கே கைதட்டினோம்.

தண்ணீர் தீர்ந்து, கோபம் வந்து,
உன் வானம் ஒன்றும் போடவில்லை என்று திரும்பியபோது
சப்பாத்து நாடா அவிழ்ந்தது.
கட்டக் குனிந்த இடத்தில்
கருகிய கட்லட் அளவில் ஒன்று.
காந்தம் 'டிக்'.

கையால் தொடாதே, என்றான். தொட்டுவிட்டேன்.
வெயிலில் கிடந்த எந்தக் கல்லையும்போலச் சுட்டது.
விழுந்த பள்ளத்தைத் தேடினேன். இல்லை.
யாரோ மறந்து வைத்துப்போன மாதிரி
மேலாக இருந்தது.

விழுந்த ஊரின் பெயரைத்தான் வைப்பார்களாம்.
வரைபடத்தில் இங்கே எதுவும் எழுதியில்லை.
ஒரு எண் கிடைக்கும், என்றான்.

இரவு, ரோட்ஹவுஸில் நோலீன் முட்டை பொரித்தபடி
வெளியே போய்ப் பாருங்கள், நட்சத்திரம் கொட்டுகிறது என்றாள்.
போனோம்.
இருவருக்கும் கழுத்து நிமிரவில்லை.
கார் நிறுத்துமிடத்துத் தாரில்
மல்லாக்கப் படுத்தோம்.