கைநாட்டு

டொனோசி பள்ளத்தாக்கில் எனக்கு
நாற்பத்தொரு மாடு, ஒரு குதிரை,
ஒன்பது விரல்.

பத்தாவது
சேணக் கொம்பில் சுற்றிய கயிற்றுக்கும்
திமிறி ஓடிய கன்றுக்கும் நடுவில் போயிற்று.
எந்தக் குருவும் கேட்டு வாங்கவில்லை.
புல்லில் தேடினோம்.
நாய் எதையோ மென்றுகொண்டிருந்தது,
யாரும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

கடன் பத்திரத்துக்கு அந்த விரல்தான் வேண்டும் என்றாள்
வங்கியில் எனெய்டா.
கையை விரித்துக் காட்டினேன்.
பக்கத்து விரலை மையில் ஒற்றவைத்து
ஓரத்தில் காரணம் எழுதிக்கொண்டாள்.

அந்தக் கடனில்தான் மிச்சக் காட்டை வெட்டினேன்.
ஓடைக்கரையை மட்டும் விட்டேன்.
இரக்கமெல்லாம் இல்லை,
அந்தச் சரிவில் மாடு நிற்காது.

மார்ச் மாதம், காற்று ஓயாத ஒரு காலை
ஓடைக்கரையின் கடைசிக் காட்டுமுந்திரியில்
ஒரு சிலந்திக்குரங்கு.
பெண். தனியாள்.
சாம்பல் கலந்த பழுப்பு முதுகு, கறுத்த கைகால்.
வயதுக்கு வந்தவள்
வேறு கூட்டம் தேடிப் புறப்பட்டிருக்கிறாள்.
அந்தப் பக்கம் ஹோயா மலை,
அங்கே இருக்கிறார்கள் இவள் புகப்போகும் வீட்டார்.
நடுவில் என் புல், இருநூறு எட்டு.

அசுவேரோவை விட்டால் இது எங்கும் இல்லை என்று
முன்பு கணக்கெடுக்க வந்த பெண் சொன்னாள்.
கிளையினம் என்று எழுதிக்கொண்டாள்.
கிளையைத்தான்
நான் வெட்டியிருந்தேன்.

கையைப் பார்த்தேன்.
நாலு விரல், நீளக் கொக்கி.
கட்டைவிரல் இருக்கவேண்டிய இடம்
மழமழவென்று, ஒரு தழும்புகூட இல்லாமல்.
வாலைத் தொங்கவிட்டாள்.
நுனியின் உட்புறம் மயிரற்ற தோல்,
அதில் வரிவரியாய் ரேகை.
ஒரு கிளையில் ஒற்றினாள்,
எடுத்தாள்,
அடுத்த கிளையில் ஒற்றினாள்.
யாரும் காரணம் கேட்கவில்லை.

மூன்று நாள் அங்கேயே இருந்தாள்.
விடியலில் குதிரை போலக் கனைப்பாள்.
என் கிழட்டுக் குதிரை காதை நிமிர்த்திப்
பதில் கனைக்கும்.
இந்தப் பள்ளத்தாக்கில்
அவளுக்குப் பதில் சொன்னது அது ஒன்றுதான்.

"நாயைக் கட்டு" என்றாள் டெல்ஃபா.
அந்தப் பழைய கயிற்றால்தான் கட்டினேன்.
நாலாம் நாள் மரம் காலி.
தாண்டினாளா, திரும்பினாளா,
காய்ந்த புல்லில் தடம் விழாது.
எதிர்வேலி முள்கம்பியில் கொஞ்சம் மயிர் இருந்தது.
"மாட்டு மயிர்" என்றான் பக்கத்துப் பண்ணை எவெலியோ.
இருக்கலாம்.
கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மே மாதம் முதல் மழைக்கு
ஓடையிலிருந்து எதிர்வேலிவரை
ஹோபோக் கழிகளை வரிசையாய் நட்டேன்.
வெட்டிச் செருகினாலே வேர்விடும் சாதி.
கட்டைவிரல் இல்லாத கைக்குக்
கடப்பாரை வழுக்கிக்கொண்டே இருந்தது.

"குரங்கு தாவும் உயரத்துக்கு
எத்தனை வருஷம்?" என்றாள் டெல்ஃபா.
விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.
அதற்குள் செவலைப் பசு
முதல் துளிரைக் கடித்துவிட்டது.

கல்லெடுத்தேன்,
என் சொந்த மாட்டின் மேல்.